சரக்கின் தடமும் ஓட்டுநரின் தடமும்: சாவடியிலிருந்து செல்பேசி வரை

இந்தியாவில் ரயிலில் ஏற்றப்படும் சரக்கு எவ்வளவு, எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதற்கு டன் கணக்கில் ஆவணம் உண்டு. சாலையில் செல்லும் சரக்குக்கு அத்தகைய முழுமையான ஆவணம் நெடுங்காலம் இருந்ததில்லை. உள்நாட்டுச் சரக்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு லாரிகளில் செல்கிறது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அந்த எண்ணும் ஒரு மதிப்பீடே. இந்த அறியாமையின் விளைவு சிறியதன்று. சரக்கைக் கொண்டுசெல்லவும் சேமித்துவைக்கவும் ஆகும் செலவு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 முதல் 14 விழுக்காடு என்னும் கணக்கு பல ஆண்டுகள் அரசு உரைகளிலும் தொழில்துறை அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. 2022 செப்டம்பர் 17 அன்று தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வெளியிடப்பட்டபோதும் அந்த எண்ணே முன்வைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் வெளியான தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுவின் மதிப்பீடு, 2021-22ஆம் ஆண்டுக்கு அச்செலவு 7.8 முதல் 8.9 விழுக்காடு வரை மட்டுமே என்றது. ஒரே நாட்டின் ஒரே செலவைப் பற்றிய இரண்டு எண்களுக்கு இடையே இவ்வளவு தொலைவு இருப்பது, சாலைச் சரக்கைப் பற்றிய அடிப்படைத் தரவு எத்துணை மெலிந்தது என்பதைக் காட்டப் போதும்.

இந்தக் குறையை நிரப்பும் கருவியாக இன்று முன்வைக்கப்படுவது செல்பேசித் தரவு. ஏறத்தாழ ஒவ்வொரு லாரியிலும் ஒரு செல்பேசி இருக்கிறது. அது எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். ஆகவே சரக்கின் ஓட்டத்தைப் புதிய கருவி எதையும் பொருத்தாமலேயே அளந்துவிடலாம் என்பது வாதம். வாதம் தொழில்நுட்ப அளவில் சரியானதே. ஆனால் அந்தச் செல்பேசி சரக்கினுடையதன்று, லாரியினுடையதுமன்று, ஓட்டுநருடையது. சரக்கைக் கண்காணித்த பழைய முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

*சாவடி அறிந்தது எவ்வளவு*

அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் பகுதியில் 21ஆம் அதிகாரம் சுங்க அதிகாரியின் கடமைகளைக் கூறுகிறது. நகரவாயில் அருகே சுங்கச்சாலை அமைத்துக் கொடி நாட்ட வேண்டும். அங்கே நான்கைந்து அலுவலர் அமர்ந்து, வந்து சேரும் வணிகச் சாத்தைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் எழுத வேண்டியவை: வணிகர் யார், எங்கிருந்து வந்தனர், சரக்கு எவ்வளவு, முதல் முத்திரை எங்கே இடப்பட்டது. எல்லையைக் காக்கும் அந்தபாலர் சரக்கு வண்டிக்கு வழிவரி பெற்றுக்கொண்டு, சாத்தைச் சோதித்து முத்திரையிட்டு, சுங்க அதிகாரியிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. வணிகர் வேடத்தில் திரியும் ஒற்றர்கள், வந்துகொண்டிருக்கும் சாத்தின் அளவை முன்கூட்டியே அரசனுக்கு அறிவிக்க வேண்டும். அரசன் அதைச் சுங்க அதிகாரிக்குத் தெரிவிப்பான். சாத்து வந்து சேர்ந்ததும் அதிகாரி இன்னாருடைய இன்ன சரக்கு இது என்று தாமே சொல்லிவிடுவார். மறைத்துப் பயனில்லை, அரசன் எல்லாம் அறிந்தவன் என்ற எண்ணத்தை வணிகரிடம் உண்டாக்குவதே இதன் நோக்கம் என்று நூல் வெளிப்படையாகவே கூறுகிறது.

அர்த்தசாஸ்திரம் நெறிநூல், எந்த அரசும் இவ்வாறே நடந்தது என்பதற்கான சான்றன்று. இருப்பினும் அதன் சிந்தனை முறை கவனிக்கத்தக்கது. சரக்கைக் கேட்கும் அலுவலர் வேறு. ஆட்கள் நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் அனுமதிச் சீட்டு வழங்கும் முத்திரை அதிகாரி வேறு. பின்னவருக்கு 34ஆம் அதிகாரம் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. சுங்கச்சாலையில் வணிகரின் பெயர் கேட்கப்படுவது அவர் சரக்கின் உடைமையாளர் என்பதால். வண்டியை ஓட்டிவந்தவர் யார், அவர் இரவில் எங்கே தங்கினார் என்பவை அப்பட்டியலில் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் வங்காள மாகாணத்தில் இதே முறை சௌக்கிகளாகத் தொடர்ந்தது. சரக்கின் வகையும் அளவும் எழுதப்பட்ட ‘ரவன்னா’ என்னும் சீட்டைக் காட்டியே ஒவ்வொரு சௌக்கியையும் கடக்க வேண்டும். சார்லஸ் டிரெவெல்யன் 1834இல் எழுதிய அறிக்கை இந்த முறை உள்நாட்டு வணிகத்தை எவ்வாறு முடக்கியது என்பதை விரிவாகக் காட்டியது. 1836இல் வங்காளத்தின் உள்நாட்டுச் சுங்கம் நீக்கப்பட்டது. உப்புக்கும் சர்க்கரைக்குமான சுங்க எல்லைக்கோடு மட்டும் வளர்ந்துகொண்டே சென்றது. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது சிந்து முதல் மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீண்டிருந்தது. ஏறத்தாழ 12,000 பேர் காவல் காத்தனர். பெரும்பகுதி முள்வேலியால் ஆனது. 1879இல் அதுவும் கைவிடப்பட்டது. ஆயினும் நகராட்சிகளின் நுழைவு வரிச் சாவடிகள் தொடர்ந்தன. மும்பையின் ‘ஆக்ட்ராய்’ நாகாக்கள் 2017 வரை இயங்கின.

இந்தச் சாவடிகள் அனைத்திலும் காத்திருப்பு உண்டு, லஞ்சம் உண்டு, அவமதிப்பு உண்டு. அவற்றை எண்ணி ஏங்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. ஆயினும் சாவடியின் அறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. தன் முன்னால் நின்ற வண்டியை மட்டுமே அது அறியும். ஒரு சாவடிக்கும் அடுத்த சாவடிக்கும் இடைப்பட்ட வழியில் நடந்தது எதுவும் ஏட்டில் ஏறாது. அரசு அறிந்தது புள்ளிகளை. அவற்றை இணைக்கும் கோட்டை அறிய வேண்டுமானால் ஒற்றரை அனுப்ப வேண்டியிருந்தது.

*ரயிலுக்குக் கணக்கு, சாலைக்கு மதிப்பீடு*

ரயில்வே வந்தபின் சரக்கின் கணக்கு வேறு வடிவம் பெற்றது. ரயிலில் ஏற்றும் ஒவ்வொரு சரக்குக்கும் புறப்படும் நிலையம், சேரும் நிலையம், எடை, கட்டணம் ஆகியவை சீட்டில் எழுதப்பட்டன. கட்டணம் வசூலிப்பதற்காக எழுதப்பட்ட சீட்டே புள்ளிவிவரமாகவும் ஆயிற்று. மாட்டுவண்டிக்கும் பின்னர் வந்த மோட்டார் லாரிக்கும் இத்தகைய பொதுக் கணக்கர் எவரும் இல்லை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் லாரிக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு லாரி எந்தப் பகுதியில் ஓடலாம் என்பதை அச்சீட்டு சொல்லும். உண்மையில் எங்கே ஓடியது என்பதைச் சொல்லாது.

விடுதலைக்குப் பின் சரக்கின் பெரும்பகுதி ரயிலிலிருந்து சாலைக்கு நகர்ந்தது. அதாவது, எண்ணப்பட்ட இடத்திலிருந்து எண்ணப்படாத இடத்துக்கு நகர்ந்தது. திட்டமிடுவோருக்கு எஞ்சிய வழி சாலையோரக் கணக்கெடுப்பே. தேர்ந்தெடுத்த இடங்களில் லாரிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, என்ன சரக்கு, எவ்வளவு எடை என்று ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். திட்டக்குழுவுக்காக ரைட்ஸ் நிறுவனம் 2007-08ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு நடத்திய போக்குவரத்து ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் எண்கள் பல ஆண்டுகள் வரை மேற்கோள் காட்டப்பட்டன. அடுத்த கணக்கெடுப்புக்கு ஆகும் செலவும் காலமுமே அதற்குக் காரணம்.

சாலையோரக் கணக்கெடுப்பின் ஒரு பண்பை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அது ஓட்டுநரிடம் நான்கைந்து கேள்விகளை ஒருமுறை கேட்கிறது. அவர் பெயர் தேவையில்லை. பதில் சொன்னதும் அவர் போய்விடுகிறார். நேற்று கேட்டவரையே இன்றும் கேட்டோமா என்பது கணக்கெடுப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. சரக்குப் போக்குவரத்தைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த அளவு அறிவே போதுமானது. எந்தச் சாலையில் எத்தனை லாரி, எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு, எத்தனை மணி நேரத்தில் என்பவை திரளைப் பற்றிய கேள்விகள்; தனி மனிதரைப் பற்றியவை அல்ல.

*2017இன் எட்டு வாரங்கள்*

2017ஆம் ஆண்டில், எட்டு வாரங்களுக்கும் குறைவான இடைவெளியில், இந்த வரலாற்றைத் திருப்பிய இரண்டு நிகழ்வுகள் நடந்தன. அக்காலத்தில் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசியவர் அரிது.

முதலாவது, ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி. சில நாட்களிலேயே 22 மாநிலங்கள் தங்கள் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை நீக்கின. நிலையான சாவடி போன இடத்தில் மின்னணு ஆவணம் வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல இ-வே பில் கட்டாயமாயிற்று. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஃபாஸ்டேக் பதிவுகள் இ-வே பில் அமைப்புடன் இணைக்கப்பட்டன. ஒரு லாரி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பதை அதன் சரக்குச் சீட்டோடு பொருத்திப் பார்ப்பது அதனால் இயலுவதாயிற்று.

இ-வே பில் கேட்பது சரக்கின் விவரத்தையும் வண்டி எண்ணையும்; ஓட்டுநரின் பெயரை அன்று. அதற்குக் காலாவதியும் உண்டு. தொடக்கத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றிருந்த கணக்கு, 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என மாற்றப்பட்டது. அவ்வகையில் இ-வே பில்லும் ஃபாஸ்டேக்கும் பழைய சாவடியின் இயல்பையே பெற்றிருந்தன. அவை அறிவதும் புள்ளிகளை. அவை கேட்பதும் சரக்கையும் வண்டியையும்.

இரண்டாவது நிகழ்வு ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. நீதிபதி கே.எஸ். புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு எதிராகக் காட்டப்பட்ட பழைய தீர்ப்புகளுள் ஒன்று, ஒருவரின் நடமாட்டத்தைக் கண்காணிப்பது பற்றியது என்பது இங்கே முக்கியம். உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டு, சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல்துறை அவர் பெயரில் குற்றப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. அவர் வீட்டை இரகசியமாகக் கண்காணித்தல், இரவில் வந்து கதவைத் தட்டுதல், அவர் ஊரைவிட்டுச் செல்வதையும் வருவதையும் காவலர்களும் சௌகிதார்களும் தெரிவித்தல் ஆகியன காவல் விதி 236இன்படி நடந்தன. 1962 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, இரவு வருகையை மட்டும் செல்லாது என்றது. நடமாட்டத்தைக் குறித்துவைப்பதில் தவறில்லை என்று கருதியது. நீதிபதி சுப்பாராவ் உடன்படவில்லை. உடலுக்குத் தடை இல்லாவிட்டாலும், எப்போதும் கண்காணிக்கப்படுகிறோம் என்ற உணர்வே மனிதரின் நடமாட்டச் சுதந்திரத்தைக் குலைக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நீதிபதி ஷாவும் அவருடன் சேர்ந்துகொண்டார். 2017இல் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை பாதுகாக்கப்பட்ட உரிமையன்று எனக் கூறிய அளவில் அப்பழைய தீர்ப்பை நிராகரித்தனர்.

ஒரே கோடைக்காலத்தின் இறுதியில், சரக்கின் மீதான சாவடி நீங்கியது. மனிதரின் நடமாட்டம் அவருக்குரியது என்ற கொள்கையும் நிலைபெற்றது. ஓட்டுநரின் செல்பேசியைக் கொண்டு சரக்கைப் பின்தொடரும் முறையின் வளர்ச்சியை இவ்விரண்டுக்கும் நடுவில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

*ஓட்டுநரின் செல்பேசி*

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவில் இருந்த மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவுக்கும் தில்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நடந்தது. 2003இல் உள்வரும் அழைப்புகள் கட்டணமற்றவையாயின. அதன்பின் லாரி ஓட்டுநரின் கையில் செல்பேசி பரவலாயிற்று. அதுவரை நெடுஞ்சாலையோரத் தொலைபேசி நிலையத்திலிருந்து எப்போதாவது அழைக்கும் ஓட்டுநரை, லாரி அதிபரும் புக்கிங் அலுவலகமும் எந்நேரமும் அழைக்கலாயினர். “எங்கே வருகிறாய்?” என்ற கேள்விக்கு ஓட்டுநர் வாயால் பதில் சொன்ன காலம் அது. அந்தப் பதிலில் அவருக்கென்று ஓரளவு இடம் இருந்தது. டீ குடித்ததையும், சற்றுக் கண்ணயர்ந்ததையும், வழியிலிருந்த உறவினர் வீட்டில் ஒரு மணி நேரம் நின்றதையும் சொல்லாமல் விடலாம்.

பின்னர் வந்த முறையில் அந்தக் கேள்வி ஓட்டுநரிடம் கேட்கப்படுவதில்லை. சரக்கை அனுப்பும் நிறுவனம் அவருடைய எண்ணைப் பதிவுசெய்கிறது. ஒப்புதல் கேட்டு அவருக்குக் குறுஞ்செய்தியோ தானியங்கி அழைப்போ வருகிறது. அவர் இசைந்தபின், அவருடைய சிம் எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் உள்ளது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் குறிப்பிட்ட இடைவெளிகளில் தெரிவித்துக்கொண்டிருக்கும். இதற்கு இணையம் வேண்டியதில்லை, திறன்பேசியும் வேண்டியதில்லை. நகரத்துக்குள் சில நூறு மீட்டர் அளவுக்கும், ஊர்ப்புறத்தில் சில கிலோமீட்டர் அளவுக்கும் இருப்பிடம் தெரியும். ஒன்றிரண்டு லாரிகளை மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த தொழிலில், ஒவ்வொரு வண்டியிலும் ஜி.பி.எஸ். கருவி பொருத்துவதைவிட இது மலிவானது. பயணத்துக்குப் பயணம் லாரியும் மாறும், சரக்கு அனுப்பும் நிறுவனமும் மாறும் சந்தையில் இது வசதியானதும்கூட.

இதன் வசதியே இதன் சிக்கல். வண்டியில் பொருத்திய கருவி, ஓட்டுநர் இறங்கியதும் அவரை விட்டுவிடுகிறது. செல்பேசி அவரோடு இறங்குகிறது. மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் அவரோடு செல்கிறது. சரக்கு இறக்கப்பட்ட கணத்தில் கண்காணிப்பு நின்றுவிட வேண்டும் என்பது இதனால் தொழில்நுட்ப நுணுக்கம் என்ற அளவைத் தாண்டிவிடுகிறது. சரக்கைப் பின்தொடர்வதற்கும் மனிதரைப் பின்தொடர்வதற்கும் இடையிலான எல்லைக்கோடு அதுவே. இ-வே பில்லுக்குக் காலாவதி இருப்பது போலவே, ஓட்டுநரின் ஒப்புதலுக்கும் பயணத்தோடு முடியும் காலாவதி வேண்டும்.

*பெயரை நீக்கினால் போதுமா*

தனி லாரியைத் தேடும் நிறுவனத்தின் தேவை ஒன்று. நாட்டின் சரக்கோட்டத்தை அறிய விரும்பும் ஆய்வாளரின் தேவை வேறு. ஆய்வாளருக்கு எவருடைய எண்ணும் வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் குவிந்துள்ள பதிவுகளிலிருந்து பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுத் தந்தால் போதும் என்பதே பொதுவான வாதம். அப்பதிவுகள் சிறிதளவல்ல. உரிம நிபந்தனைகளின்படி அழைப்புப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றிருந்தது, 2021 டிசம்பரில் இரண்டாண்டாக உயர்த்தப்பட்டது.

பெயரை நீக்கினால் போதாது என்பதை 2013இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவ்-அலெக்சாந்தர் த மோந்துவாவும் உடன் ஆய்வாளர்களும் 15 இலட்சம் பேரின் 15 மாதச் செல்பேசிப் பதிவுகளை ஆராய்ந்தனர். நேரம் மணிக்கணக்கிலும் இடம் கோபுர அளவிலும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தபோதும், நான்கே நான்கு இட-நேரப் புள்ளிகள் 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணப் போதுமானவையாக இருந்தன. பதிவின் நுணுக்கத்தைக் குறைத்தாலும் இந்தத் தனித்தன்மை மெதுவாகவே குறைந்தது.

வண்டியோட்டிகளுக்கு இது எப்படி நேரிடும் என்பதை அடுத்த ஆண்டே நியூயார்க் நகரம் கண்டது. அந்நகரின் டாக்சிப் பயணங்கள் சுமார் 17.3 கோடி, தகவல் உரிமைக் கோரிக்கை ஒன்றின் வழியாக வெளியாயின. வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் எம்.டி.5 என்னும் கணிப்பு முறையால் மறைக்கப்பட்டிருந்தன. உரிம எண்கள் குறிப்பிட்ட சில வடிவங்களிலேயே அமைபவை என்பதால், இயலக்கூடிய எல்லா எண்களையும் கணித்துப் பார்த்து அந்த மறைப்பை மிக எளிதில் உடைத்துவிட்டனர். ஓட்டுநர்களின் நாள் வருமானம் வரை கணக்கிட முடிந்தது. போக்குவரத்து ஆய்வுக்கென வெளியான தரவு, உழைப்பவரின் வருவாய்ப் பதிவேடாக மாறிப்போனது.

லாரிகளின் நிலை இன்னும் கடினமானது. நகர நெரிசலில் ஒருவர் ஆயிரம் பேருள் மறையலாம். சங்ககிரியிலிருந்து புறப்பட்டு, நாக்பூரில் ஒருநாள் நின்று, கௌஹாத்தி செல்லும் லாரி ஒரு வாரத்தில் எத்தனை இருக்கும்? ஊரையும் தேதியையும் அறிந்த எவரும் அந்தக் கோட்டிலிருந்து ஆளைச் சொல்லிவிடுவர். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான வண்டிகள் சென்ற வழித்தடத்தை வெளியிடாமல் விடுவது ஒரு பாதுகாப்பு முறை. அதன்படி நடந்தால், தரவு மிகத் தேவைப்படும் ஊர்ப்புறச் சாலைகளே முதலில் மறைந்துபோகும்.

இதனினும் ஆழமான முரண் ஒன்று உண்டு. செல்பேசிப் பதிவைப் பார்த்த அளவில் அது லாரியில் இருக்கிறதா, பேருந்தில் இருக்கிறதா, காரில் இருக்கிறதா என்று தெரியாது. லாரி ஓட்டுநரின் செல்பேசி என்று கண்டறிய அதன் வேகத்தைப் பார்க்க வேண்டும். இரவுப் பயணங்களைப் பார்க்க வேண்டும். துறைமுகம், மண்டி, தொழிற்பேட்டை ஆகியவற்றில் அது மீண்டும் மீண்டும் நிற்பதைப் பார்க்க வேண்டும். அதாவது, பெயர் தெரியாத ஒருவரைப் பல வாரங்கள் தொடர்ந்து பின்பற்றிய பிறகே அவர் சரக்கோட்டத்தின் பகுதி என்று முடிவுகட்ட முடியும். ஆளை அடையாளம் காண உதவும் அதே நீண்ட தடமே, சரக்கை அடையாளம் காணவும் தேவைப்படுகிறது. செல்பேசித் தரவைக் கொண்டு சாலைச் சரக்கை அளக்கும் எந்தத் திட்டமும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இந்தியாவில் இக்கேள்வி வெறும் கற்பனையன்று. தொலைத்தொடர்புத் துறையின் வட்டார அலுவலகங்கள் சில, குறிப்பிட்ட நாட்களுக்குரிய எல்லாச் சந்தாதாரர்களின் அழைப்புப் பதிவுகளையும் மொத்தமாகக் கேட்டதாகவும், நிறுவனங்களின் கூட்டமைப்பு அதற்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதியதாகவும் 2020 மார்ச்சில் செய்திகள் வெளியாயின. அழைப்புகள் துண்டிக்கப்படும் குறையை ஆராயவே கேட்கப்பட்டது, பெயர்கள் இடம்பெறவில்லை என்று துறை விளக்கம் அளித்தது. பெயர் இல்லை என்பதே போதிய விடையாகக் கருதப்பட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

*கோட்டைக் கடக்கும்போது மட்டும்*

இம்முரணுக்கு வழி இல்லாமலில்லை. 2008 பிப்ரவரி 8 அன்று கலிஃபோர்னியாவின் 880ஆம் எண் நெடுஞ்சாலையில், பெர்க்லி பல்கலைக்கழகமும் நோக்கியாவும் ஒரு சோதனை நடத்தின. ஜி.பி.எஸ். வசதியுள்ள செல்பேசிகளோடு 100 கார்கள் எட்டு மணி நேரம் அச்சாலையில் ஓடின. அந்தத் திட்டத்தில் செல்பேசி தன் இருப்பிடத்தை நொடிக்கு நொடி அனுப்பவில்லை. வரைபடத்தில் முன்னரே இடப்பட்ட மெய்நிகர்க் கோடுகளை வண்டி கடக்கும்போது மட்டும், எந்தக் கோடு, என்ன வேகம் என்று தெரிவித்தது. கோடுகளை எங்கே இடுவது என்பது முன்கூட்டியே முடிவாவதால், வீடு, மருத்துவமனை போன்ற இடங்களின் அருகே அவற்றைத் தவிர்க்கலாம். அனுப்பியவர் யார் என்பதை அறியும் கணினிக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாதவாறும், இடத்தை அறியும் கணினிக்கு ஆள் தெரியாதவாறும் பணியைப் பிரித்திருந்தனர்.

சாவடிகளின் வரலாற்றை அறிந்தவருக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. மெய்நிகர்க் கோடு என்பது லாரியை நிறுத்தாத, லஞ்சம் கேட்காத சாவடி. அது புள்ளியை மட்டும் அறிகிறது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட மனிதரை விட்டுவிடுகிறது. சரக்கோட்டத்தை அளக்க விரும்பும் எவருக்கும் தேவையானது இத்தகைய அறிவே. மாநில எல்லைகளிலும் துறைமுக வாயில்களிலும் நெடுஞ்சாலைச் சந்திப்புகளிலும் இத்தகைய கோடுகளை இட்டாலே, சாலையோரக் கணக்கெடுப்பு கேட்ட கேள்விகளில் பலவற்றுக்கு விடை கிடைக்கும்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுகளைப் பயன்படுத்துவதற்கும் இதையொத்த வழி உண்டு. தரவை ஆய்வாளரிடம் கொடுக்காமல், ஆய்வாளரின் கணிப்பு நிரலைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது அது. கேள்வி உள்ளே செல்லும். தொகுத்த எண் மட்டும் வெளியே வரும். செனகலிலும் கொலம்பியாவிலும் முயலப்பட்ட ‘ஓப்பல்’ திட்டம் இக்கருத்தின் அடிப்படையில் அமைந்தது. வெளிவரும் எண்ணோடு, கணக்கிட்ட அளவு சிறு பிழையைச் சேர்ப்பது இன்னொரு பாதுகாப்பு. சிந்தியா டுவொர்க் முதலியோர் 2006இல் முன்வைத்த இம்முறையில், ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடையில் பெரிய மாற்றம் இராது என்பதற்குக் கணித உறுதி தரப்படுகிறது. லாரியின் செல்பேசி என்று கண்டறிவதற்குத் தேவைப்படும் நீண்ட தடமும் நிறுவனத்தின் கணினிக்குள்ளேயே ஆராயப்பட்டு அங்கேயே அழிக்கப்படலாம். பிழை சேர்ப்பதால் சிறிய சாலைகளின் எண் நம்பகம் குறையும் என்பது உண்மை. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, அச்சாலைகளில் பழைய முறையிலேயே லாரியை நிறுத்திக் கேட்பதுதான் நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

*ஒப்புதல் எந்த மொழியில்*

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமானதாகவும் குறிப்பிட்டதாகவும் விளக்கம் பெற்றதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வேலை அளிப்பவர், வேலை தொடர்பான நோக்கங்களுக்காக ஒப்புதலின்றியே தரவைக் கையாள அதன் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. வாடகை லாரியின் ஓட்டுநர் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஆகவே அந்நிறுவனத்துக்கு ஒப்புதல் தேவைப்படும் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. புள்ளிவிவர ஆய்வுக்கு 17ஆம் பிரிவு விலக்களிக்கிறது; அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை. திரளை அறிவதற்கும் தனி ஆளை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் இவ்வாறு ஏற்றுக்கொண்டுள்ளது. 2025 நவம்பரில் இதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதன்பின் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நல்ல ஏற்பாடு. ஆயினும் போஜ்புரி அந்த அட்டவணையில் இல்லை, ராஜஸ்தானியும் இல்லை. எழுத்து வாசிப்பு குறைந்த ஓட்டுநருக்கு எந்த மொழிக் குறுஞ்செய்தியும் போதாது. மேலும், லோடு ஏற்றக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு ‘சரி’ என்பதைத் தவிர வேறு விடை சொல்ல இடமிருக்கிறதா என்பதே அடிப்படையான கேள்வி. மறுத்தால் லோடு கிடைக்காது என்னும் நிலையில் கிடைக்கும் இசைவைச் ‘சுதந்திரமான ஒப்புதல்’ என்று அழைப்பது சொல்லின் பொருளை நெகிழ்ப்பதாகும். நடமாட்டத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதை நீதிமன்றம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதற்கு 2024 ஜூலை 8 அன்று வந்த தீர்ப்பு சான்று. குற்றம் சாட்டப்பட்ட ஃபிராங்க் வைட்டஸ் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்ற பிணை நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிணையில் வந்தவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து அறிய வழிசெய்யும் நிபந்தனை தனியுரிமைக்கு முரணானது என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய அந்தப் பாதுகாப்பு, குற்றம் எதுவும் சாட்டப்படாத, சரக்கை ஏற்றிச் செல்லும் உழைப்பாளிக்குத் தனியார் ஒப்பந்தத்தின் வழியே இல்லாமல் போகலாகாது.

தரவு ஓட்டுநருக்குப் பயன்படும் வழியும் உண்டு. 2025 வரை நடைமுறையிலிருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஆலை வாசலில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார், உறக்கமின்றி எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதற்கு அவருடைய செல்பேசிப் பதிவைவிடச் சிறந்த சான்று இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒருவர் தம்மைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்டுப்பெறும் உரிமையைத் தருகிறது. இதுவரை தடம் ஒரு திசையில் மட்டுமே சென்றுள்ளது: ஓட்டுநரிடமிருந்து சரக்கின் உடைமையாளருக்கு. காத்திருப்புக் கூலி கேட்கும் ஓட்டுநர் அதே தடத்தைத் தம் சான்றாகக் காட்டும் நாள் வந்தால், ஒப்புதல் என்ற சொல்லுக்கு ஓரளவு பொருள் ஏற்படும்.

சாலைச் சரக்கை எண்ண வேண்டும் என்பதில் ஐயமில்லை. எண்ணப்படாத ஒன்றைப் பற்றி வகுக்கப்படும் கொள்கை எவ்வளவு வழிதவறும் என்பதை 14 விழுக்காட்டுக்கும் 8 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட தொலைவே காட்டுகிறது. ஆனால் எண்ணுவதற்கு, வந்த சரக்கைச் சுங்கச்சாலையில் எழுதிக்கொண்ட கணக்கரே போதும். சாத்தோடு கலந்து வழிநெடுகப் பின்தொடரும் ஒற்றர் வேண்டியதில்லை. செல்பேசி இவ்விரண்டில் எந்த வேலையையும் செய்யவல்லது. அதனிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை. திட்டத்தை வகுப்பவரும், தரவைக் கேட்கும் ஆய்வாளருமே தீர்மானிக்கின்றனர்.